சாயா குடிக்கப் போன பார்மசிஸ்ட்

ஏரவாடா, பூனா
12-3-1997

அன்புள்ள தம்பி தாயுமானவனுக்கு அண்ணி அபயாம்பாள் எழுதுவது. நீயும் பாலாம்பாளும் கும்பகோணத்தில் நலமாக இருப்பீர்கள். மாமனாரின் பாத்திரக்கடையில் மாசி மாத வியாபாரம் நன்றாக நடந்திருக்கும்.

எங்கள் வீட்டில் தங்கி டி.பார்ம் படித்தபோது நீ ஒரு நாள் என்னைக் கேட்டாய்: "அண்ணி, பலசரக்குக் கடைக்காரன் பருப்பு நிறுத்துக் கொடுக்கப் பரீட்சை எழுதுகிறானா? அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுக்க மட்டும் எதற்கு இரண்டு வருஷப் படிப்பு?" அன்று என் கையெல்லாம் சப்பாத்தி மாவு. சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் ஒரு கேள்வியை அப்படி விட்டிருக்கக் கூடாது. இப்போது பதில் சொல்கிறேன்.

துவரம்பருப்பு கேட்டவளுக்குக் கடலைப்பருப்பு போட்டால் சாம்பார் கெடும். அவள் திரும்பி வந்து கடைக்காரனைத் திட்டுவாள். அதோடு முடிந்தது. மாத்திரை அப்படி இல்லை. திரும்பி வந்து திட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டுமே!

போன மாதம் உன் அண்ணனுக்கு நெஞ்செரிச்சல். டாக்டர் எழுதிய மாத்திரையை நம் தெருமுனை சுனிலின் மெடிக்கலில் வாங்கினேன். அந்தக் கடை வழக்கம் உனக்குத் தெரியும். இங்கே தினக்கூலி வாங்குகிறவர்கள்தான் அதிகம், முழு அட்டை யாரும் வாங்குவதில்லை. "சார் கோலி த்யா" என்று மராத்தியில் நாலே நாலு மாத்திரை கேட்பார்கள். சுனில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய துண்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பான். பெயரும் தேதியும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் முதலில் விற்றுப்போனால் மிச்சத்தில் வெறும் வெள்ளித்தாள்.

அந்த டப்பாவிலிருந்து எனக்குக் கிடைத்தது, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. உன் அண்ணனுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. மூன்றாம் நாள் பிரதோஷம். சாயங்காலம்வரை பட்டினி, ஆனால் மாத்திரையை மட்டும் விடாமல் போட்டார். அசந்து தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்களால் ஆகவில்லை. பாக்டரியில் நூறு பேரைக் கூப்பிட்டு வேலை வாங்கிய பரமசிவம், இன்று கஞ்சிக் கரண்டியைக் கண்டால் வாயைத் திறக்கிறார். அவருக்கு மிஞ்சிய பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கடையின் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், வெளியே நின்று வாங்குகிறவர் கண்ணில் படாத சுவரில், கண்ணாடி போட்ட சான்றிதழ். அதில் உன் பெயர், உன் போட்டோ.

"இவர் எங்கே?" என்று சுனிலைக் கேட்டேன்.

நான் உன் அண்ணி என்பது அவனுக்கு மறந்துபோனதோ, வாய்ப்பழக்கமோ, "சாகேப் சாயா குடிக்கப் போயிருக்கிறார்" என்றான்.

ஐந்து வருஷமாகக் குடிக்கிறாயே தம்பி, போதவில்லையா? கும்பகோணத்துக்குப் போயும் காபி குடிக்காமல் சாயாவா குடிக்கிறாய்?

உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி
அபயாம்பாள்

*

கும்பகோணம்
2-4-1997

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு, தாயுமானவன் பணிவான வணக்கங்கள்.

கடிதம் கண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் விஷயம் கேட்டு பாலாம்பாள் அழுதுவிட்டாள். வைத்தீஸ்வரன் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதி அனுப்பியிருக்கிறோம், அண்ணன் நெற்றியில் இடவும்.

வயது என்று ஒன்று இருக்கிறது அண்ணி, விதி என்றும் ஒன்று இருக்கிறது. யாரைக் குற்றம் சொல்ல? சுனிலை நான் நன்றாக அறிவேன். மழைக்காலத்துக் காய்ச்சலில் தெருவுக்கே மருந்து கொடுத்தவன். முழு அட்டை வாங்க முடியாதவனுக்கு நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பதும் ஒரு தர்மம்தானே? நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்.

இங்கே வெயில் தாங்கவில்லை. பாலாம்பாளுக்கு மூன்று மாதம். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

அண்ணன் பாதங்களில் என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

தங்கள்
தாயுமானவன்

*

ஏரவாடா
10-4-1997

அன்புள்ள தம்பிக்கு, பாலாம்பாள் விஷயம் கேட்டுச் சந்தோஷம். முருங்கைக்கீரை சாப்பிடச் சொல். விபூதி வந்தது.

பரீட்சையில் சில பிள்ளைகள் கடினமான கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்ததை அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் முதலில் விட்ட கேள்வியைத்தான் தேடுவேன். உன் கடிதத்தில் சான்றிதழைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு வாடகையாக மாதாமாதம் சுனிலிடமிருந்து உனக்கு வரும் பணத்தைப் பற்றியும் இல்லை.

சட்டம் பெரிய வித்தை அல்ல. நான் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கடையில் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டைப் பார்த்து அவர்தான் மருந்து கொடுக்க வேண்டும், அல்லது அவர் பார்வையில் கொடுக்க வேண்டும். பில்லில் மருந்தின் பெயர், பாட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். பள்ளியில் வாத்தியார் போட்டோவை மாட்டிவிட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்தால் அது பள்ளிக்கூடமா?

சுனில் நல்லவன் என்கிறாய். இருக்கட்டும். அவனுக்காக இந்தத் தெருவில் ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறேன். மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் கூடுகிற பெண்களுக்கு ஒரே பாடம்: மருந்து வாங்கினால் "பில் த்யா" என்று கேள். மராத்திக்காரி, தமிழ்க்காரி, தெலுங்குக்காரி எல்லோரும் நன்றாகப் பாடம் படிக்கிறார்கள். இரண்டு மாத்திரைக்குக்கூடப் பில் கேட்கிறார்கள். நேற்று சுனில் என் வாசலில் வந்து நின்று, "டீச்சர், எழுதி எழுதி என் கை வீங்கிவிட்டது. என்னைக் கொன்றுவிடுங்கள்" என்றான். "கொன்றால் யார் எழுதுவது?" என்று கேட்டு அனுப்பினேன்.

அவன் கடையை மூடவைக்கத்தான் முதலில் நினைத்தேன். புகார் எழுதினேன். எதிர்வீட்டு ஷபானா வந்தாள். அவள் பெண் குழந்தைக்கு ஆஸ்துமா. "டீச்சர்ஜி, விடிகாலையில் குழந்தைக்கு மூச்சு இழுத்தால் சுனில் அண்ணா வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறேன். கடை போனால் நான் பாலத்தைத் தாண்டி ஓடணும். உங்க கோபத்துக்கு என் குழந்தையா கிடைச்சா?" என்றாள். எழுதிய புகாரை அனுப்பவில்லை.

ஆகவே கடை இருக்கட்டும். பார்மசிஸ்ட் வரட்டும். நீ வந்து உன் பெயருக்குக் கீழே உட்கார வேண்டும். என்றைக்கு வருகிறாய்?

அண்ணி

*

கும்பகோணம்
19-6-1997

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு வணக்கம். கடையில் கல்யாண சீசன் வேலை. பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும்.

சான்றிதழை எடுத்து அனுப்பிவிடும்படி சுனிலுக்கு எழுதிவிட்டேன். அவன் வேறு யாருடையதாவது ஏற்பாடு செய்துகொள்வானாம். இத்துடன் என் சம்பந்தம் முடிந்தது. புகார் அது இது என்று நீங்கள் அலைய வேண்டாம். மருந்து இன்ஸ்பெக்டர் தரப்பில் ஆள் தெரியும் என்று சுனில் எழுதியிருக்கிறான். வீணாக உங்களுக்குத்தான் மனக்கஷ்டம்.

அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். செலவை நான் ஏற்கிறேன்.

அண்ணன் என்னைக் கேட்டாரா?

தாயுமானவன்

*

ஏரவாடா
24-6-1997

அன்புள்ள தம்பிக்கு, இங்கே மழை இறங்கிவிட்டது. உன் அண்ணனின் முதுகில் புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். நர்ஸ் வேண்டாம்.

உன்னைக் கேட்டாரா என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் வேண்டும் என்றுகூட அவரால் கேட்க முடியாது.

நீ சான்றிதழை எடுத்துக்கொண்டால் சுனில் அதே ஆணியில் இன்னொருவன் சான்றிதழை மாட்டுவான். அந்த இன்னொருவன் நாசிக்கிலோ நாக்பூரிலோ சாயா குடிப்பான். பழுதான தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுப் பழுதான வேறு தாழ்ப்பாளைப் போட்டால் திருடனுக்கு என்ன நஷ்டம்? அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சுனிலிடமும் சொல்லிவிட்டேன். அந்த ஆணியில் உன் பெயர்தான் இருக்கும், அதற்குக் கீழே நீ இருப்பாய்.

ஆள் தெரியும் என்று பயமுறுத்துகிறான் அல்லவா? அதனால் மூன்று கவர்கள் எழுதி, தபால்தலை ஒட்டி, சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, ஒன்று பார்மசி கவுன்சிலுக்கு, ஒன்று மராத்திப் பத்திரிகைக்கு. மூன்று இடத்திலும் ஆள் தெரிந்தவன் பிறக்கவில்லை. ஜூலை பதினைந்தாம் தேதி காலையில் கடையில் உன் நாற்காலி காலியாக இருந்தால் மூன்றும் தபால்பெட்டிக்குள் போகும். அப்புறம் என்றைக்கு ஒரு நாள் காலியானாலும் அன்றைக்கே போகும்.

பாலாம்பாளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறதே, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாளா? அட்டையில் பெயரைப் பார்த்துக் கொடு.

அண்ணி

*

கும்பகோணம்
1-7-1997

அண்ணிக்கு,

உங்களைப் பெற்ற தாய்க்கு மேலாக நினைத்திருந்தேன். உங்கள் கையால் இரண்டு வருஷம் சாப்பிட்டவன் நான். ஊரில் ஆயிரம் கடையில் நடக்கிற காரியம் இது. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் வீட்டிலாவது இப்படி ஓர் அண்ணி உண்டா?

பாலாம்பாளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. மாமனார் முகத்தில் எப்படி விழிப்பேன்? பூனாவில் வந்து நாலு மாத்திரை விற்கிறேன் என்று சொல்லவா? அண்ணனுக்கு வந்தது எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?

நேராகக் கேட்கிறேன். என்னைப் பழிவாங்குகிறீர்களா?

தாயுமானவன்

*

[தபால் அட்டை]

ஏரவாடா
5-7-1997

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம்.

இதை வேண்டுமென்றே கார்டில் எழுதுகிறேன். தபால்காரரும் உன் மாமனாரும் படிக்கட்டும். உன் பழைய வெள்ளைக் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு சுனிலிடம் கொடுத்திருக்கிறேன். பொத்தான் ஒன்று இல்லை, தைத்துவிட்டேன். கடை காலையில் ஒன்பதுக்குத் திறக்கும்.

பாலாம்பாளுக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணி

*

ஏரவாடா, மெடிக்கல் பின்னறை
10-8-1997
(ஷபானா கையில்)

அண்ணிக்கு வணக்கம். ஒரே தெருவிலிருந்து கடிதம் எழுதுகிறேன். மூன்று முறை வந்து கதவைத் தட்டினேன், நீங்கள் திறக்கவில்லை. நேற்று மழையில் நின்று ஜன்னல் கம்பி வழியாக அண்ணனைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார்.

நீங்கள் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறேன். பிஸ்கட் டப்பாவைக் கல்லா மேஜையில் கவிழ்த்தேன். பாதிக்கு மேல் என்னாலேயே பெயர் சொல்ல முடியவில்லை அண்ணி. படித்தவன் நானே நிறத்தையும் அளவையும் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது. இனி பெயர் இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்டுகிறோம், பெயரும் தேதியும் கடைசித் துண்டுவரை கடையில் இருக்கும். கொடுக்கிற காகிதக் கவரில் மருந்தின் பெயரை நானே எழுதுகிறேன். சுனில் முதலில் முறைத்தான். இப்போது என்னைக் கேட்காமல் அலமாரியைத் தொடுவதில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் இரண்டு டாக்டரின் சீட்டுகளோடு வந்தார். இரண்டு பெயர், உள்ளே மருந்து ஒன்றுதான். ரத்த அழுத்தத்துக்கு இரட்டிப்பு அளவு போட்டுக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தார். கடை அடைத்த பிறகு டாக்டரிடம் நானே அழைத்துப்போய் ஒன்றை நிறுத்தச் செய்தேன்.

எனக்கு ஒன்றும் வேண்டாம். அண்ணனை ஒரு முறை உள்ளே வந்து பார்க்க வேண்டும்.

தாயுமானவன்

*

ஏரவாடா
11-8-1997
(ஷபானா கையில்)

தம்பிக்கு, மழையில் நிற்காதே. காய்ச்சல் வந்தால் நாற்காலி காலியாகும்.

பெரியவர் விஷயம் ஷபானா சொன்னாள். குழாயடி முழுக்க அதே பேச்சு. "டீச்சர்ஜி, உங்க கொழுந்தன் தேவதூதன்" என்கிறாள். நல்லது. ஆனால் நான் நன்றி சொல்ல மாட்டேன். மழை பெய்தால் குடை விரிவது குடையின் பெருமை அல்ல. ஐந்து வருஷம் விரியாமல் கிடந்ததே, அதைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன்.

கதவைத் திறக்காததற்குக் காரணம் கேட்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னையும் ஒரு கதவுக்கு வெளியேதான் உட்காரவைத்தார்கள். அந்த பெஞ்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு வா. கஞ்சி வைத்திருப்பேன். நீதான் ஊட்ட வேண்டும். மன்னிப்பு கேட்காதே, அவருக்குப் புரியாது. என்னிடமும் கேட்காதே, எனக்குப் புரிந்துவிடும்.

அண்ணி

*

கும்பகோணம்
24-10-1997

அன்புள்ள அக்காவுக்கு, பாலாம்பாள் நமஸ்காரம். மாமா எப்படி இருக்கிறார்?

பன்னிரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தந்தி கிடைத்திருக்கும். சுகப்பிரசவம். புண்ணியாகவாசனத்துக்குக்கூட அவர் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "எங்கேம்மா உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், "மருந்துக் கடையிலே இருக்கார்" என்று உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அவர் செய்தது தப்பு அக்கா, நான் இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் கார்டைப் படித்த அன்று அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் என் குழந்தை என்ன செய்தது? இன்னும் தன் அப்பா முகத்தை அது பார்க்கவில்லை. உங்கள் கோபம் இன்னும் தணியவில்லையா? ஒரு பத்து நாள் அவரை விடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள்
பாலாம்பாள்

*

ஏரவாடா
28-10-1997

அன்புள்ள பாலாம்பாளுக்கு, அக்காவின் ஆசீர்வாதம். குழந்தைக்கும் உனக்கும் திருஷ்டி கழித்துப் போடச் சொல். பத்தியம் என்று பட்டினி கிடக்காதே. நன்றாகச் சாப்பிட்டால்தான் பால் ஊறும்.

நீ கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். கோபம் தணியவில்லை. தணியும் என்றும் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் தாயுமானவன் வந்து அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டுகிறான். அவர் வாயைத் திறக்கிறார், விழுங்குகிறார், தம்பி முகத்தைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்தபடியே நிற்கிறான். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இதுதான் நான் கேட்ட பழி. கிடைத்துவிட்டது. இனித்தது என்று சொல்ல மாட்டேன், கசந்தது என்றும் சொல்ல மாட்டேன்.

பத்து நாள் லீவு அவனும் கேட்டான். நான் மறுக்கவில்லை. "உன் இடத்தில் பதிவு பெற்ற ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போ" என்றேன். பாவம், கடை அடைத்த ராத்திரிகளில் பாணேர் முதல் தளேகாவ் வரை கூடப்படித்தவர்களைத் தேடி அலைந்தான். சான்றிதழ் தருகிறேன் என்றவர்கள் ஏழெட்டுப் பேர். வந்து உட்காருகிறேன் என்றவர் ஒருவர்கூட இல்லை. திரும்பி வந்து அதை என்னிடம் சொன்னபோது, என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணி, இவர்களைத் திட்டக்கூட எனக்கு வாய் இல்லை" என்றான். இத்தனை மாதத்தில் அவன் சொன்ன ஒரே நேர்மையான வார்த்தை.

அவன் அங்கே வர முடியாது. ஆகையால் நீ வா. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகட்டும், குளிரும் குறையட்டும். கடைக்கு அடுத்த சந்தில் இரண்டு அறை வீடு பார்த்து வைத்திருக்கிறேன், வெயில் வரும், தண்ணீர் வரும். உனக்கு மராத்தி நான் சொல்லித்தருகிறேன். என் வீட்டில் தங்கச் சொல்லவில்லை என்று வருத்தப்படாதே. அதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை. குழந்தையைப் பார்த்தால் வருமோ என்னவோ, அதை நம்பி நீ ரயில் ஏறாதே. நாற்காலியை நம்பி ஏறு. அவன் அதில் உட்கார்ந்திருப்பான்.

மூன்று கவர்களும் சாமி அலமாரியிலேயே இருக்கின்றன. அவனிடம் சொல்ல வேண்டியதில்லை, அவனுக்குத் தெரியும்.

கிளம்பும்வரை அங்கே சும்மா இருக்காதே. உனக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் அஞ்சறைப் பெட்டி ஓரம், அலமாரித் தட்டு, உன் அப்பாவின் சட்டைப்பை என்று எங்கெங்கே மாத்திரைத் துண்டுகள் கிடக்கின்றனவோ அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டு. பெயர் படிக்க முடியாத துண்டுகளைத் தனியே பொட்டலம் கட்டி, வாங்கிய கடைக்கே கொண்டுபோய் மேஜையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொல்.

அக்கா
அபயாம்பாள்